இளம் ஆய்வாளர் போட்டிக்கு டெங்கு முட்டைப்பொறித் திட்டம்: 30 பொறி போதுமா, அனுமதி யாரிடம்?

முகத்துவாரம்_மூவர் கேட்டது:

வணக்கம். சமூகத்தின் பெரிய சவால் ஒன்றுக்கு ஆய்வு வழியாகத் தீர்வு தேடும் இளம் ஆய்வாளர்களுக்கான போட்டி ஒன்றுக்கு நாங்கள் மூன்று பேர் விண்ணப்பிக்கிறோம். முதற்கட்டத்தில் இரண்டு பக்க முன்மொழிவு. தெரிவானால் 12 கிழமை களவேலை, அதன்பிறகு நடுவர்முன் பத்து நிமிடம் பேச வேண்டும். நடுவர்கள் பல துறையைச் சேர்ந்தவர்கள்.

எங்கள் தலைப்பு டெங்கு. மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் 30 வீடுகளில் முட்டைப்பொறி வைத்து, கிழமைக்கு ஒருமுறை முட்டைகளைக் கைபேசிப் படத்தின் மூலம் எண்ணி, நான்கு கிழமைக்கு முன்பே நோய்ப் பரவலை எதிர்வுகூறுவது திட்டம். முன்மொழிவின் முதல் வரி இப்போதைக்கு இப்படி இருக்கிறது: "கொழும்பில் டெங்குவை ஒழிக்கச் செயற்கை நுண்ணறிவு."

நான்கு விடயங்கள் தெரிய வேண்டும். 30 பொறி போதுமா? யாரிடம் அனுமதி எடுப்பது? படத்தில் முட்டை எண்ணுவதில் எங்கே பிழை வரும்? பூச்சியியல் தெரியாத நடுவருக்கு இதை எப்படி எழுதுவது?

---

கள_பூச்சியியல்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பிந்தவிட்டால் மற்ற மூன்றும் வீண்.

முட்டைப்பொறி என்பது தண்ணீர் நிறைந்த கறுப்புக் கோப்பை. சட்டத்தின் கண்ணில் அது நுளம்பு பெருகும் இடம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வளவுக்குள் நுளம்பு பெருகினால் பொறுப்பு அங்கே குடியிருப்பவருடையது. நீங்கள் வைத்த கோப்பையில் குடம்பி (நுளம்பின் புழு) இருந்து வீட்டுக்காரர் வழக்கில் மாட்டினால் அந்த ஒழுங்கையில் பிறகு எந்த ஆய்வுக்கும் கதவு திறக்காது. ஆகவே மாநகர சபைப் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். அந்தப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) பொறிகளின் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். ஒவ்வொரு பொறியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் "ஆய்வுப் பொறி, இன்ன நாளில் எடுக்கப்படும்" என்ற சீட்டும் தொடர்பு இலக்கமும் இருக்கட்டும்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: ஆய்வுக்காகத் திரட்டும் வீட்டுத் தரவு வழக்குத் தொடர்வதற்குப் பயன்படாது என்ற உடன்பாடு. இது இல்லாமல் வீட்டுக்காரரிடம் சம்மதப் படிவத்தை நீட்டுவது நியாயமில்லை. பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கு எடுக்கும் என்று வைத்தே அட்டவணை போடுங்கள். வீட்டின் அமைவிடப் புள்ளியைப் படத்தில் காட்டாதீர்கள், ஒழுங்கை மட்டத்தில் நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதற்கும் மேலாக, "இந்த வீட்டால்தான் டெங்கு" என்ற பெயர் ஒரு குடும்பத்தின்மேல் விழவே கூடாது.

இனிப் பொறி. 300 முதல் 500 மில்லிலீற்றர் கொள்ளும் கறுப்பு பிளாஸ்டிக் கோப்பை எடுங்கள். வெளிர் நிறம் வேண்டாம், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெண் நுளம்பு இருண்ட கலனைத்தான் தேடி வரும். பக்கச் சுவரில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இரண்டு துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் ஒரு மழைக்கே தண்ணீர் விளிம்பு தட்டி வழிந்து முட்டையையும் கொண்டு போய்விடும். உள்ளே ஹார்ட்போர்ட் துண்டு, 2.5 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் நீளம். சொரசொரப்பான பக்கம் கோப்பையின் நடுவைப் பார்க்க வேண்டும், வழுவழுப்பான பக்கத்தில் முட்டை குறைவாகவே விழும். துண்டைக் கிளிப்பால் விளிம்போடு பிடித்துவிடுங்கள்.

எட்டடிக்கு நாலடி ஹார்ட்போர்ட் பலகை ஒன்றில் இந்த அளவில் 800 துண்டுக்கு மேல் வரும். ஒருமுறை பயன்படுத்திய துண்டை மறுபடி போடாதீர்கள். நாருக்குள் ஒளிந்த பழைய முட்டை அடுத்த கிழமைக் கணக்கில் ஏறும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

தண்ணீருக்கு, குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றினால் போதும். வைக்கோல் ஊறிய தண்ணீரைப் பத்தில் ஒரு பங்கு கலந்தால் நுளம்பு கூடுதலாக வரும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் அதன் வீரியம் மாறும். கலப்பதானால் ஒரே பீப்பாயிலிருந்து எல்லாப் பொறிக்கும் ஒரே நாளில் ஊற்றுங்கள். முடியாவிட்டால் வெறும் தண்ணீரே மேல்.

வைக்கும் இடம்: நிலமட்டத்தில் அல்லது முழங்கால் உயரத்துக்குள், நிழலில், காற்றடிக்காத மூலையில். மாடிப்படிக்குக் கீழ், பூச்சாடிகளுக்கு இடையில், குளியலறைக்கு வெளிச்சுவர் ஓரம் எல்லாம் நல்லது. பீலியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடம் கூடாது. முற்றத்தில் பூனை தட்டிவிடும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும், கூட்டுகிறவர் தண்ணீரை ஊற்றிவிடுவார். பத்தில் ஒன்று இப்படித் தொலையும் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள். தொலைந்த பொறியைப் பூச்சியம் என்று எழுதாதீர்கள், "தரவு இல்லை" என்று எழுதுங்கள். இந்த ஒரு பிழை ஒரு முழு வரைபடத்தையே மாற்றிவிடும்.

எடுக்கும்போது கோப்பைத் தண்ணீரைக் கானுக்குள் ஊற்ற வேண்டாம், குடம்பி பிழைத்துவிடும். காய்ந்த மண்ணில் ஊற்றி, கோப்பையின் உட்சுவரைத் தும்புப் பிரஷால் தேயுங்கள். தேய்ப்பதற்கு முன் அந்தச் சுவரிலும் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

---

எண்ணும்_எழுத்தும்:

30 பொறி எதற்குப் போதும் என்று முதலில் கேளுங்கள். 30இல் 12இல் முட்டை இருந்தால் பொறிச் சுட்டெண், அதாவது முட்டை விழுந்த பொறிகளின் பங்கு, 40 வீதம். அதன் 95 வீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 22 முதல் 58 வரை. அடுத்த கிழமை அது 50 ஆனால் ஏறியதா, தற்செயலா என்று உங்களால் சொல்ல முடியாது. 100 பொறி என்றாலும் 30 முதல் 50 வரைதான் குறுகும். 12 கிழமையைப் பெருக்கி 360 அளவீடு இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அதே 30 இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள். ஒரே பெண் நுளம்பு தன் முட்டைகளைப் பல கலன்களில் பிரித்தும் இடும். ஆகவே பக்கத்துப் பக்கத்துப் பொறிகளும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல.

எதிர்வுகூறலைக் கைவிடுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். முட்டை வளர்ந்து நுளம்பாக 7 முதல் 10 நாள். அது நோயாளியைக் கடித்து, வைரஸ் அதன் உடலுக்குள் முதிர இன்னும் 8 முதல் 12 நாள். கடிபட்ட ஆளுக்குக் காய்ச்சல் தொடங்க 4 முதல் 10 நாள். அதற்குப் பிறகு வைத்தியரிடம் போய், அறிவித்தல் பதிவாக வேண்டும். ஒரு சுற்று முடிய மூன்று முதல் ஆறு கிழமை போகும். உங்களிடம் இருப்பதோ 12. இரண்டு சுற்றை வைத்து எதிர்வுகூறல் மாதிரி கட்டினால், புள்ளிவிபரம் தெரிந்த நடுவர் ஒருவர் இருந்தாலே போதும், முதல் கேள்வியில் சரியும்.

நோயாளர் தரவிலும் சிக்கல் இருக்கிறது. தொற்றுநோயியல் பிரிவின் கிழமை அறிக்கையில் வருவது அறிவிக்கப்பட்ட நாளின் கணக்கு, காய்ச்சல் தொடங்கிய நாளின் கணக்கல்ல. முகவரி நோயாளி படுத்துறங்கும் வீடு. ஏடிஸ் கடிப்பதோ பகலில். மட்டக்குளியில் வசித்து, புறக்கோட்டைக் கடையில் காலை முதல் மாலைவரை நிற்பவருக்கு எங்கே தொற்றியது? வரைபடத்தில் புள்ளி மட்டக்குளியில் விழும்.

இவ்வளவு தடையையும் தாண்டி உங்கள் திட்டத்தில் உறுதியான ஒரு கேள்வி இருக்கிறது. வரும் திங்கட்கிழமை பி.எச்.ஐ. எந்த ஒழுங்கைக்கு முதலில் போக வேண்டும்? பரிசோதிக்க வீடு ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஆள் சிலர்தான். வழக்கமாகக் கடந்த கிழமை நோயாளர் வந்த ஒழுங்கைக்குப் போவார்கள். பொறிப் பட்டியல் அதைவிட நல்ல வழிகாட்டியா என்பதை 12 கிழமைக்குள் சோதிக்கலாம்.

எப்படி என்றால், 20 ஒழுங்கை, ஒவ்வொன்றிலும் 3 பொறி, மொத்தம் 60. எட்டுக் கிழமை அளந்து ஒழுங்கைகளை முட்டைச் சராசரியின்படி வரிசைப்படுத்துங்கள். அதே ஒழுங்கைகளை அண்மை நோயாளர் எண்ணிக்கையின்படியும் வரிசைப்படுத்துங்கள். இரண்டு பட்டியலையும் மூடிய உறையில் வைத்து, திகதி போட்டு, மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்பதாவது கிழமையில் 20 ஒழுங்கையிலும் ஒவ்வொன்றுக்கும் 15 வீடு வீதம் 300 வீடுகளில் கலன் பரிசோதனை, அதாவது தண்ணீர் தேங்கிய கலன்களில் குடம்பி இருக்கிறதா என்று பார்ப்பது. வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுங்கள். பரிசோதிப்பவருக்கு எந்தப் பட்டியலில் எந்த ஒழுங்கை மேலே என்று தெரியக் கூடாது. வீட்டுக்கு 12 நிமிடம் என்றால் 60 மணித்தியாலம். இரண்டு குழு, நாளுக்கு ஆறு மணித்தியாலம், ஐந்து நாளில் முடியும். அனுமதிக் கடிதத்தில் இந்தப் பரிசோதனைக்கும் ஆள் ஒத்துழைப்புக் கேளுங்கள்.

பிறகு உறையைத் திறந்து, எந்தப் பட்டியலின் முதல் ஐந்து ஒழுங்கையில் குடம்பி இருந்த வீடுகள் கூட என்று எண்ணுங்கள். ஐந்து ஒழுங்கைக்கு 75 வீடு, அதாவது ஒரு வீடு 1.3 வீதம். தரவரிசைத் தொடர்பையும் பாருங்கள், அதாவது பட்டியலின் வரிசையும் பரிசோதனை முடிவின் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்; முழுதாக ஒத்தால் 1. 20 ஒழுங்கைக்கு 0.45 அளவாவது வந்தால்தான் தற்செயல் அல்ல என்று சொல்லலாம். வராவிட்டால், வரவில்லை என்றே எழுதுங்கள். தோற்கக்கூடிய சோதனையைத் தாங்களாகவே வைத்த அணி என்பதற்கே மதிப்பு உண்டு.

ஒரு பொறிக்குள் பொறி: பரிசோதனைக்கு முன் அந்த ஒழுங்கையில் சிரமதானம் நடந்து ரயர், சிரட்டை, தயிர்ச்சட்டி எல்லாம் அகற்றப்பட்டால் முட்டைப்பொறியின் எண்ணிக்கை ஏறலாம். நுளம்புக்கு வேறு கலன் இல்லாமல் எல்லாம் உங்கள் கோப்பைக்கே வந்து இடும். அதைப் பார்த்து "துப்புரவு செய்தும் நுளம்பு கூடிவிட்டது" என்று எழுதினால் பெரும் தவறு. ஆகவே ஒவ்வொரு கிழமையும் சிரமதானம், புகையடித்தல் நடந்த நாளைக் குறித்து வையுங்கள்.

---

உருப்பெருக்கி:

படம் பற்றி மட்டும். முட்டை கறுப்பு, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான நீளம், இரு முனையும் கூரான நெல்மணி வடிவம். ஹார்ட்போர்டின் கருத்த நாரும் ஏறத்தாழ அதே நிறம். ஈரமான துண்டைப் படமெடுத்தால் மினுக்கத்தில் பாதி மறையும். முதலில் நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம். பிறகு கடதாசி உறைக்குள் போடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் கட்டினால் பூஞ்சணம் படர்ந்து முட்டை தெரியாது. துண்டின் இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை தண்ணீரில் ஓடும்.

படமெடுக்கும்போது கைபேசியை நிறுத்தியில் பொருத்தி, ஒரே தூரத்தில், இரு பக்கத்திலிருந்தும் சாய்வாக ஒளி விழ எடுங்கள். மேலிருந்து நேர் ஒளி விழுந்தால் முட்டைக்கு நிழல் இராது, நாரோடு நார் ஆகிவிடும். சட்டகத்துக்குள் மில்லிமீற்றர் அளவுகோல் இருக்கட்டும்.

மென்பொருள் அதிகம் தவறுவது கொத்தாகக் கிடக்கும் இடத்தில். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக இருந்தால் பத்தை நான்கு என்று எண்ணும். ஆகவே குறைந்த எண்ணிக்கையில் சரியாகவும், கூடிய எண்ணிக்கையில் குறைவாகவும் காட்டும். உங்களுக்கு முக்கியமான ஒழுங்கையில்தான் பிழை அதிகம். எல்லாத் துண்டிலும் பத்தில் ஒன்றை இரண்டு பேர் தனித்தனியாக 10 முதல் 40 மடங்கு உருப்பெருக்கியில் எண்ணி, மென்பொருள் எண்ணோடு ஒப்பிடுங்கள். 0–20, 21–60, 60க்கு மேல் என்று பிரித்துப் பிழையைக் காட்டுங்கள். ஒரே சராசரிப் பிழை வீதம் இந்த விடயத்தை மறைத்துவிடும்.

ஏடிஸில் டெங்குவைப் பரப்பும் இனங்கள் இரண்டு. முட்டையைப் பார்த்து ஏடிஸ் எஜிப்தியா, அல்பொபிக்டஸா என்று படத்தில் சொல்ல முடியாது. சொல்வதாக முன்மொழிவில் எழுதவே வேண்டாம். ஒரு பகுதியைத் தண்ணீரில் பொரிக்கவிட்டு நான்காம் பருவக் குடம்பிவரை வளர்த்து, வயிற்றின் எட்டாம் கண்டத்துச் செதில்களைப் பாருங்கள். எஜிப்தியில் ஒவ்வொரு செதிலுக்கும் நடு முள்ளோடு பக்க முட்களும் இருக்கும், சூலம் மாதிரி. அல்பொபிக்டஸில் தனி முள். வளர்ந்த நுளம்பு என்றால் இன்னும் எளிது: எஜிப்தியின் முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு, மற்றதில் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு. வளர்க்கும் பாத்திரத்துக்கு வலை மூடி கட்டாயம், ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.

---

முகத்துவாரம்_மூவர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. திட்டத்தை 20 ஒழுங்கை, 60 பொறி என்று மாற்றுகிறோம். எதிர்வுகூறல் போய்விட்டால் "பெரிய சவால்" என்ற அளவுக்கு இது சிறிதாகத் தெரியாதா? அதுதான் பயம்.

---

முன்மொழிவு_வாசகி:

பயப்பட வேண்டாம் தங்கச்சி. சவால் பெரிது என்பதை நிறுவ ஒரு வரி போதும்: 2017இல் மட்டும் இலங்கையில் 186,101 டெங்கு நோயாளர் பதிவானார்கள். அதற்குப் பிறகு நடுவர் தேடுவது சவாலின் அளவை அல்ல, உங்கள் கை எட்டும் தூரத்தை. "டெங்குவை ஒழிக்க" என்று தொடங்கும் முன்மொழிவுகள் மேசையில் ஒரு கட்டு இருக்கும். உங்கள் முதல் வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு பி.எச்.ஐ. ஒரு கிழமையில் பார்க்கக்கூடிய வீடுகள் சில நூறு. அவற்றை எந்த ஒழுங்கையில் பார்ப்பது என்பதை முட்டைப்பொறிகள் இப்போதைய முறையைவிடச் சரியாகச் சொல்கின்றனவா என்று சோதிக்கிறோம்." பூச்சியியல் தெரியாதவருக்கும் புரியும், தெரிந்தவருக்கும் குறை தோன்றாது. அந்த "சில நூறு" சரிதானா என்று உங்கள் பிரிவின் பி.எச்.ஐ.யிடமே கேட்டு, அவர் சொல்லும் எண்ணைப் போடுங்கள்.

இரண்டு பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு மேல் டெங்குவின் வரலாற்றுக்குக் கொடுக்காதீர்கள். மூடிய உறைச் சோதனைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள், அதுதான் உங்கள் திட்டத்தின் உயிர். எது நடந்தால் உங்கள் கருத்து பிழை என்று ஒத்துக்கொள்வீர்கள் என்ற வரி அதற்குள் கட்டாயம் இருக்க வேண்டும்.

செலவுத் திட்டத்தில் பலரும் பொருளை எழுதுவார்கள், நேரத்தை விடுவார்கள். 60 துண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து நிமிடம் என்றால் கிழமைக்கு மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் எண்ணுவதற்கு மட்டும். பொறிகளைச் சுற்றி எடுக்க இரண்டு பேருக்கு ஒரு நாள். இந்தக் கணக்கை எழுதி வைத்தால், "போட்டி முடிந்த பிறகு இதை யார் செய்வார்கள்?" என்ற கேள்விக்கு விடை கையிலேயே இருக்கும். அந்தக் கேள்வி வந்தே தீரும். "மாநகர சபை எடுத்துக்கொள்ளும்" என்பது விடையல்ல. "கிழமைக்கு இரண்டு பேரின் ஒரு நாளும், ஒருவரின் அரை நாளும்" என்பது விடை.

பத்து நிமிடத்துக்கு முன், மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியின் விதி நல்ல பயிற்சி: அசையாத ஒரே ஒரு படச்சட்டம், துணைப்பொருள் எதுவும் இல்லை, மூன்று நிமிடம் தாண்டினால் தகுதியிழப்பு. அதற்குள் உங்கள் கேள்வியும் சோதனையும் அடங்கினால் மிகுதி ஏழு நிமிடத்தை முடிவுகளுக்குக் கொடுக்கலாம். உங்கள் போட்டி விதி அனுமதித்தால் காய்ந்த துண்டு ஒன்றை மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்து நடுவர் கையில் கொடுங்கள். முட்டைகளை வெந்நீரில் கொன்ற பிறகே கொண்டு போக வேண்டும்.

---

முகத்துவாரம்_மூவர்:

புரிந்தது அக்கா. கடைசியாக ஒன்று. பொறி எடுக்கும் நாளைத் திங்கள் என்று வைத்தால் சில திங்கள் போயா விடுமுறையில் வருகிறது. அப்போது செவ்வாய்க்குத் தள்ளலாமா?

---

கள_பூச்சியியல்:

தள்ள வேண்டாம். ஞாயிறே எடுத்துவிடுங்கள். முதல் நாள் இட்ட முட்டை தண்ணீர் பட்டுப் பொரித்திருந்தால் எட்டாம் நாள் தொடக்கம் கோப்பையிலிருந்து நுளம்பு பறக்கலாம். ஆய்வுப் பொறியிலிருந்து நுளம்பு வெளியேறுவதை எந்த அனுமதிக் கடிதமும் மூடிக் காக்காது. ஆறு நாளில் எடுத்தால் முட்டை எண்ணிக்கையைப் பொறி வைத்திருந்த நாட்களால் வகுத்து, நாளொன்றுக்கு இத்தனை என்று எழுதுங்கள். எல்லாக் கிழமைக்கும் அதே முறையில் எழுதினால் ஒப்பிடலாம். கடும் மழையாலோ வெள்ளத்தாலோ ஒழுங்கைக்குள் போக முடியாத கிழமை வரலாம். அதற்காகப் பி.எச்.ஐ.யிடம் கேட்டு பி.ரி.ஐ. (Bti) என்ற பக்ரீரியாக் குடம்பிகொல்லியைத் தொடக்கத்திலிருந்தே எல்லாப் பொறியிலும் ஒரே அளவில் போட்டு வையுங்கள். முட்டை இடுவதை அது தடுக்காது, குடம்பி வளராது. சில பொறியில் போட்டுச் சிலவற்றில் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் கோப்பையைத் தானாகக் கவிழ்த்துவிட யாராவது ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தும் வையுங்கள். ஏழாம் நாள் மாலைவரை நீங்கள் வராவிட்டால் காய்ந்த மண்ணில் ஊற்றட்டும். மண் எல்லாம் நனைந்திருந்தால் பழைய துணி ஒன்றின் மேல் ஊற்றி உலர விடட்டும்.